டாக்டர்களைத் திரும்பப் படிக்க அனுப்பிய டாக்டர்

60 வயது ஆனவர்களுக்கு எல்லாம் மயக்க மருந்து கொடுத்து ஆளை முடித்துவிட வேண்டும்!

இப்படி ஒரு டாக்டர் பேசியதாக 1905-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்கப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் செய்தி போட்டன. நாடே அமளிப்பட்டது. கிழவர்கள் கொதித்தார்கள். வசைக் கடிதங்கள் வந்து குவிந்தன. கேலிச் சித்திரங்கள் வெளிவந்தன. அந்த டாக்டரின் பெயரைக் கொண்டே ஒரு புதுச் சொல்லை உண்டாக்கிவிட்டார்கள். வயதானவர்களைத் தீர்த்துக் கட்டுவதற்கு, ஆஸ்லர் செய்வது என்று பெயர்!

அந்த டாக்டர்தான் வில்லியம் ஆஸ்லர்.

உண்மையில் அவர் சொன்னது வேறு. பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 16 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, அவர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். விடைபெற்றுப் பேசும்போது, மனிதன் புதிதாக எதையும் கண்டுபிடிப்பது பெரும்பாலும் 40 வயதுக்குள்தான், 60 வயதில் ஆசிரியர்கள் ஒதுங்கி இளைஞருக்கு இடம் விடவேண்டும் என்றார். சிரிப்புக்காக, பழைய ஆங்கில நாவல் ஒன்றைக் குறிப்பிட்டு, 60 வயதுக்காரர்களை மயக்க மருந்து கொடுத்து வழியனுப்புவது பற்றியும் சொன்னார். பத்திரிகைகள் வேடிக்கையை விட்டுவிட்டன. மருந்தைப் பிடித்துக்கொண்டன!

அப்போது ஆஸ்லருக்கு வயது 55. தம் வாக்குப்படி அவரே ஒதுங்கவேண்டிய காலம் நெருங்கிவிட்டது. ஆனால் அவர் ஒதுங்கவில்லை. 70-வது வயதில் கண் மூடுகிறவரை மாணவனாகவே இருந்தார். மற்ற டாக்டர்களையும் மாணவர்களாகவே இருக்கச் சொன்னார். கல்லூரியை விட்டு வந்ததோடு புத்தகத்தை மூடி வைத்த டாக்டரைக் கண்டால் அவருக்கு நோயைக் கண்டதைவிட அதிக பயம்.

அந்த பயம் ஏன் வந்தது? அவருடைய கதையைப் படித்தால் தெரியும்.

சிறைக்குப் போன சிறுவன்

கனடா நாட்டில் டொராண்டோ நகரத்துக்கு வடக்கே பாண்ட் ஹெட் என்று ஒரு சிற்றூர். காடு வெட்டிக் குடியேறியவர்களின் ஊர். அங்கே 1849-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி ஆஸ்லர் பிறந்தார்.

தகப்பனார் பெதர்ஸ்டன் ஆஸ்லர் ஒரு பாதிரியார். இங்கிலாந்தில் இருந்து வந்தவர். தாயார் எல்லன் அம்மாள். ஆண் பிள்ளைகளில் வில்லியம்தான் கடைக்குட்டி. அந்தத் தாய் 100 வயது வரை வாழ்ந்து, மகன் உலகப் புகழ் பெற்றதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஆனால் சிறு வயதில் இந்தப் பிள்ளையால் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. பள்ளிக்கூட அறைக்குள் வாத்துக் கூட்டத்தை விட்டு அடைத்தான். வாத்தியாரை வம்புக்கு இழுத்தான். பள்ளிக்கூடத்தை விட்டே துரத்தினார்கள். வேறு பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே விடுதியைக் கவனித்து வந்த அம்மாளைப் பிடிக்காமல், பையன்கள் சேர்ந்து அடுப்பில் மிளகும் கடுகும் போட்டுப் புகை மூட்டி அவரைத் திணற அடித்தார்கள். வழக்கு வந்தது. பாதிரியார் மகன் சில நாள் டொராண்டோ சிறையில் கம்பி எண்ணினான்!

அந்தப் பள்ளியில்தான் அவனுடைய வாழ்க்கை திரும்பியது. பள்ளியை நடத்திய ஜான்சன் பாதிரியாரிடம் ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் பூதக்கண்ணாடிக் கருவி அது. அவர் மாணவர்களைக் குளத்துக்கும் காட்டுக்கும் அழைத்துப் போவார். பாசியையும் புழுவையும் எடுத்து வந்து கண்ணாடியின் கீழ் வைத்துக் காட்டுவார். ஒரு சொட்டுக் குளத்து நீரில் அத்தனை உயிர்களா என்று வாத்துப் பிடித்த பையன் வாய் பிளந்தான்.

தகப்பனாரைப் போல் பாதிரியார் ஆவதற்குத்தான் கல்லூரியில் சேர்ந்தார். ஒரே ஆண்டில் மனம் மாறி வைத்தியப் படிப்புக்குப் போனார்.

1870-ம் ஆண்டில் ஒரு நாள். மாணவர்கள் பிணத்தை அறுத்துப் பாடம் படிக்கிற அறை. பிணத்தின் தசையில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. மற்றவர்கள் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆஸ்லர் அதில் ஒரு துளியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஒரு புழு சுருண்டு கிடந்தது! சரியாக வேகாத பன்றி இறைச்சியில் இருந்து மனிதனுக்குத் தொற்றுகிற புழு அது.

எல்லோரும் பார்த்த புள்ளிதான். நின்று பார்த்தவர் அவர் ஒருவர்.

பட்டத்துக்குப் பிறகு

1872-ம் ஆண்டு மாண்ட்ரீல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பலகை மாட்டித் தொழில் தொடங்கி இருக்கலாம். அவர் கப்பல் ஏறினார். அண்ணன் ஒருவர் பணம் கொடுத்து உதவினார். லண்டன், பெர்லின், வியன்னா என்று இரண்டு ஆண்டுகள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ப் படித்தார்.

லண்டனில் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்தார். ரத்தத்தில் சிவப்பு அணு உண்டு, வெள்ளை அணு உண்டு. இவை அல்லாமல் மிக நுண்ணிய மூன்றாவது வகைத் துணுக்குகளும் ஓடுகிற ரத்தத்தில் இருப்பதை அவர் விவரமாக எழுதினார். காயம் பட்டால் ரத்தத்தை உறைய வைக்க உதவும் துணுக்குகள் இவைதான் என்பது பின்னால் தெரிந்தது. டெங்கு காய்ச்சல் காலத்தில் பிளேட்லெட் எத்தனை என்று இன்று வீட்டுக்கு வீடு கேட்கிறோமே, அதேதான்!

25 வயதில் மக்கில் கல்லூரிக்கு ஆசிரியராகத் திரும்பினார். மீசை முளைத்த மாணவர்களுக்கு முன்னால் இவர் சின்னப் பையனைப் போல் இருந்தார். குழந்தைப் பேராசிரியர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கையில் காசு இல்லை. ஆஸ்பத்திரியில் பெரியம்மை வார்டைப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. யாரும் விரும்பிப் போகாத இடம். ஆஸ்லர் போனார். அவரையும் அம்மை தொற்றியது. நல்ல வேளையாக லேசாகப் பிழைத்தார். அந்த வேலைக்குக் கிடைத்த சம்பளத்தில் என்ன வாங்கினார் தெரியுமா? மாணவர்களுக்கு மைக்ராஸ்கோப்புகள்!

ஜெர்மனியிலும் பிரான்சிலும் இருந்து வரும் வைத்தியப் பத்திரிகைகளை ஒரு டாக்டர் தனியாக வாங்கிக் கட்டுப்படி ஆகாது. ஆகவே சக டாக்டர்களைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்தார். எல்லோரும் பணம் போட்டுப் பத்திரிகைகளை வரவழைப்பது. படித்ததை ஒருவருக்கொருவர் சொல்வது. ஊரில் நாலு பேர் சேர்ந்து சீட்டுப் போடுவது போல, அறிவுக்கு ஒரு சீட்டு.

மாண்ட்ரீலில் இருந்த காலத்தில் அவர் செய்த பிரேத பரிசோதனைகள் மட்டும் 800-க்கு அருகில் வரும். சாதாரண டாக்டர்களுக்கு அது அருவருப்பான வேலை. ஆஸ்லருக்கு அதுதான் பள்ளிக்கூடம். நோயாளி உயிரோடு இருந்தபோது டாக்டர் எழுதி வைத்த நோய் ஒன்றாக இருக்கும். உடலைத் திறந்து பார்த்தால் வேறொன்றாக இருக்கும். இருதயம் கெட்டது என்று மருந்து கொடுத்திருப்பார்கள். கெட்டது நுரையீரலாக இருக்கும். தவறு செய்தவர் மனிதர்தான். ஆனால் அந்த மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று பார்க்காவிட்டால், தவறு செய்தோம் என்பதே அவருக்குக் கடைசி வரை தெரியாது. அடுத்த நோயாளிக்கும் அதே மருந்தைக் கொடுப்பார்.

ஆஸ்லருக்கு பயம் பிடித்தது இங்கேதான் என்று நாம் நினைக்கிறோம்.

பூவா, தலையா?

1884-ம் ஆண்டு. ஆஸ்லருக்கு 35 வயது ஆகவில்லை. பேராசிரியராகிப் பத்து ஆண்டு ஆகிறது. அந்தக் கோடையில் அவர் எங்கே இருந்தார்? ஜெர்மனியில் லீப்சிக் நகரில், மாணவர்களோடு மாணவராக ஆராய்ச்சி சாலையில் உட்கார்ந்திருந்தார்!

அப்போது அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்து அழைப்பு வந்தது. போவதா, மாண்ட்ரீலிலேயே இருப்பதா? மனம் ஊசலாடியது. கடைசியில் ஒரு நாணயத்தை எடுத்துச் சுண்டினார். பூவா, தலையா போட்டுப் பார்த்தார். பிலடெல்பியா ஜெயித்தது. இவ்வளவு பெரிய மனிதரின் வாழ்க்கையில் ஒரு பெரிய முடிவு இப்படி ஆனது நமக்கு வேடிக்கையாக இருக்கிறது. அவரே சொல்லிச் சிரித்த கதைதான் இது.

நம்பாதவர் நம்பினார்

பிலடெல்பியாவில் நடந்த ஒரு சம்பவத்தை இங்கே விவரமாகச் சொல்லவேண்டும்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் பல பகுதிகளில் காய்ச்சல் என்றால் ஒரே குழப்பம். மலேரியாவும் காய்ச்சல். டைபாய்டும் காய்ச்சல். இரண்டிலும் உடம்பு நெருப்பாகக் கொதிக்கும். பல டாக்டர்கள் இரண்டையும் சேர்த்து ஒரே பெயர் வைத்து, கொய்னா மருந்தைக் கொடுத்து வந்தார்கள். மலேரியாவுக்குக் கொய்னா கேட்கும். டைபாய்டுக்குக் கேட்காது. டைபாய்டு வந்தவன் கசப்பு மருந்தை விழுங்கி விழுங்கி, காது இரைந்து, தலை சுற்றிக் கிடப்பான். நோய் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

1880-ம் ஆண்டில் லாவரான் என்ற பிரெஞ்சு ராணுவ டாக்டர், அல்ஜீரியாவில் மலேரியா நோயாளியின் ரத்தத்தில் ஒரு நுண்ணுயிரைக் கண்டார். வால் போன்ற இழைகளை அடித்துக்கொண்டு அது ஆடியது. மலேரியாவுக்குக் காரணம் இதுதான் என்று எழுதினார்.

ஆஸ்லர் நம்பவில்லை.

ரத்தத்தில் வால் உள்ள உயிர் ஓடுமா? அவருக்கு அது நடக்காத காரியமாகத் தோன்றியது. ரத்த ஆராய்ச்சியில் பெயர் வாங்கியவர் அவர். இல்லை என்று சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். அவர் சொன்னால் பலர் நம்பி இருப்பார்கள்.

அவர் அப்படி இருக்கவில்லை. மலேரியா நோயாளிகளைத் தேடிப் போனார். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். ஒருவர், இருவர் அல்ல. பலரைப் பார்த்தார். லாவரான் வரைந்து காட்டிய உயிர் அங்கே இருந்தது. வாலோடு இருந்தது!

1886-ம் ஆண்டு, லாவரான் சொன்னது சரி என்று ஆஸ்லர் எழுதினார். முதலில் தாம் நம்பாததையும் மறைக்கவில்லை.

பிறகு பால்டிமோர் ஆஸ்பத்திரியில் அவர் வைத்த வழக்கம் இது: காய்ச்சல் என்று வந்தவரின் ரத்தத்தை முதலில் பார். உயிர் தெரிந்தால் மலேரியா. கொய்னா கொடு. இல்லாவிட்டால் வேறு நோயைத் தேடு. ஊருக்கு ஊர் இருந்த டாக்டர்களுக்கும் இதையே எழுதி எழுதிச் சொன்னார். 1897-ம் ஆண்டில் நம் நாட்டில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், அந்த உயிரைக் கொசுவின் வயிற்றில் கண்டுபிடித்தார். மலேரியா கதை முழுமை அடையத் தொடங்கியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆஸ்லர் பட்டம் வாங்கியது 1872-ல். அவருடைய கல்லூரிப் பாடத்தில் மலேரியாக் கிருமி இல்லை. காசநோய்க் கிருமி இல்லை. அதை ஜெர்மனியில் காக் கண்டுபிடித்தது 1882-ல். எக்ஸ்ரே இல்லை, அது 1895-ல் வந்தது. தொண்டை அடைப்பான் நோய்க்கு ஊசி மருந்து இல்லை. அதுவும் 1890-க்குப் பிறகு வந்தது. 1872-ல் முதல் வகுப்பில் தேறிய ஒரு டாக்டர், அதோடு படிப்பை நிறுத்தி இருந்தால், 1900-ல் அவர் கெட்டிக்காரரா, முட்டாளா? ஆள் மாறவில்லை. பட்டம் மாறவில்லை. சுவரில் மாட்டிய சான்றிதழில் தூசிகூடப் படிந்திராது. ஆனால் அவர் கையில் பிழைக்க வேண்டிய குழந்தை பிழைக்காது.

பால்டிமோர் வீட்டுச் சாவிகள்

1889-ம் ஆண்டு பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. வைத்தியப் பிரிவுக்கு ஆஸ்லர் தலைவர். நான்கு ஆண்டு கழித்துக் கல்லூரியும் வந்தது. ஆண்களைப் போலவே பெண்களையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள்.

அதுவரை பெரும்பாலும் மாணவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டே டாக்டர் ஆனார்கள். நோயாளியைத் தொட்டுப் பார்க்காமலே பட்டம் வாங்கியவர்கள் உண்டு. ஆஸ்லர் மாணவர்களை வார்டுக்குள் அழைத்துப் போனார். ஆளுக்குச் சில கட்டில்களைப் பொறுப்பாகக் கொடுத்தார். நோயாளியிடம் பேசு, நாடி பார், நெஞ்சைத் தட்டிப் பார், எழுதி வை என்றார். தம் வாழ்நாளில் செய்த வேலைகளில் இதையே பெரிதாக நினைத்தார். இன்று ஆஸ்பத்திரிகளில் பெரிய டாக்டருக்குப் பின்னால் மாணவர் கூட்டம் கட்டில் கட்டிலாகப் போகிறதே, அந்தக் காட்சி பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

1892-ம் ஆண்டு அவருடைய வைத்தியப் பாடப் புத்தகம் வெளிவந்தது. அதே ஆண்டு கல்யாணமும் நடந்தது. மணமகள் கிரேஸ், பிலடெல்பியா டாக்டர் ஒருவரின் விதவை. முதலில் புத்தகத்தை முடியுங்கள், பிறகு கல்யாணத்தைப் பேசலாம் என்று அந்த அம்மாள் நிபந்தனை போட்டார் என்பார்கள்!

புத்தகம் அமோகமாக விற்றது. ஆஸ்லர் அதைத் தூக்கி அலமாரியில் வைத்துவிடவில்லை. ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு ஒரு முறை உட்கார்ந்து திருத்தினார். புதிதாக வந்ததைச் சேர்த்தார். பழையதாகிப் போனதை அடித்தார். அவர் புத்தகம் மட்டும் என்ன வேதமா? நிமோனியா என்கிற நுரையீரல் காய்ச்சலில், பலசாலியான நோயாளிக்கு ஆரம்பத்திலேயே ரத்தத்தை வெளியே எடுப்பது நல்லது என்று முதல் பதிப்பில் எழுதி இருந்தார். இன்று எந்த டாக்டரும் அதைச் செய்ய மாட்டார்.

இந்தப் புத்தகத்தின் இன்னொரு விசேஷம், அதன் நேர்மை. மருந்து இல்லாத நோய்க்கு மருந்து இல்லை என்றே எழுதினார். 1897-ம் ஆண்டு கோடையில் கேட்ஸ் என்பவர் பொழுது போக்காக இதைப் படித்தார். அவர் டாக்டர் அல்ல. கோடீசுவரர் ராக்பெல்லரின் ஆலோசகர். இத்தனை நோய்களா, இவற்றில் குணப்படுத்தத் தெரிந்தது இவ்வளவுதானா என்று திடுக்கிட்டார். எஜமானரிடம் போய்ச் சொன்னார். 1901-ம் ஆண்டில் நியூயார்க்கில் ராக்பெல்லர் வைத்திய ஆராய்ச்சிக் கழகம் பிறந்தது.

பால்டிமோரில் ஆஸ்லர் வீட்டுக் கதவு இளம் டாக்டர்களுக்கு எப்போதும் திறந்திருக்கும். சிலருக்கு வாசல் கதவுச் சாவியையே கொடுத்துவிட்டார். நடு இரவில் சந்தேகம் வந்தாலும் உள்ளே வந்து புத்தகத்தை எடுத்துப் பார்க்கலாம். அப்படிச் சாவி வாங்கியவர்களில் ஒருவர் ஹார்வி குஷிங். மூளை அறுவைச் சிகிச்சையில் பின்னாளில் பெரும் புகழ் பெற்றவர். இந்தப் பெயரை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊர் டாக்டர்கள் எல்லோருக்கும் சாவி கொடுக்க முடியுமா? ஆகவே நூலகத்தைப் பிடித்துக்கொண்டார். மேரிலாந்து மாநில டாக்டர்கள் சங்கத்துக்கு ஒரு பழைய நூலகம் இருந்தது. கவனிப்பார் இல்லாமல் கிடந்தது. ஆஸ்லர் பணம் திரட்டினார். புத்தகங்கள் வாங்கினார். முழு நேர நூலகரை வைத்தார். 1898-ம் ஆண்டில் வைத்திய நூலகங்களுக்கு என்றே ஒரு சங்கம் தொடங்கியபோது முன்நின்றவர்களில் அவரும் ஒருவர்.

காசநோய் விஷயத்திலும் ஒரு காரியம் செய்தார். ஆஸ்பத்திரிக்கு வந்து மருந்து வாங்கிப் போகிற ஏழை நோயாளி, வீட்டில் எப்படி இருக்கிறார்? யாருக்கும் தெரியாது. ஆஸ்லர் ஒரு வைத்திய மாணவியை அந்த வீடுகளுக்கு அனுப்பினார். காற்று வராத அறை. ஒரே கட்டிலில் நோயாளியும் குழந்தைகளும். துப்பிய இடம் துப்பியபடி. அந்தப் பெண் வீடு வீடாகப் பார்த்துக் குறித்து வந்து டாக்டர்கள் கூட்டத்தில் படித்தார். பெரிய டாக்டர்கள் உட்கார்ந்து ஒரு மாணவியிடம் பாடம் கேட்டார்கள்! சில ஆண்டுகளில் இந்த வேலைக்கென்றே அங்கே நர்சு ஒருவரை அமர்த்தினார்கள்.

மூன்று கட்டுக் காகிதம்

1905-ம் ஆண்டு அமெரிக்காவை விட்டுப் புறப்படும் முன் மாணவர்களுக்கு அவர் சொன்ன புத்திமதி ஒன்று உண்டு. மயக்க மருந்துக் கூச்சலில் அமுங்கிப் போனாலும், நிலைத்தது இதுதான்.

நீ பார்க்கும் நோயாளிகளைப் பற்றி ஆரம்பத்தில் இருந்தே எழுதி வை. எழுதியதை மூன்று கட்டாகக் கட்டு. நோய் இன்னதென்று தெளிவாகத் தெரிந்தவை ஒரு கட்டு. சந்தேகமானவை ஒரு கட்டு. நீ தவறு செய்தவை ஒரு கட்டு. மூன்றாவது கட்டை ஒளிக்காதே. உன்னிடமே பொய் சொல்லாதே.

ஐந்து ஆண்டு தொழில் செய்தபின், கட்டுகளை எடுத்துக்கொண்டு மறுபடியும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. புதிதாக வந்திருப்பதைக் கற்றுக்கொள். பிறகு ஊருக்குத் திரும்பு. இன்னும் ஐந்து ஆண்டில் மறுபடி போ. இதற்கான பணத்தை முதல் வரும்படியில் இருந்தே சேர்த்து வை. ஊரை விட்டுப் போனால் நோயாளிகள் வேறு டாக்டரிடம் போய்விடுவார்கள் என்று பயமுறுத்துவார்கள். காதில் போட்டுக்கொள்ளாதே.

மூளையில் தூசி தட்டுவது என்று இதற்கு அவர் வேடிக்கையாகப் பெயர் வைத்தார்.

இதில் ஒரு குறை உண்டு என்பதையும் சொல்லவேண்டும். சொந்தத் தொழில் செய்து சம்பாதிக்கிற டாக்டருக்கு இது நடக்கும். மாதச் சம்பளத்தில், இரவும் பகலும் முறை மாறி நிற்கும் நர்சுக்கு நடக்குமா? லீவு யார் கொடுப்பது? செலவு யாருடையது? ஆஸ்லர் நர்சுகளை மதித்தவர். அவர்களுடைய கூட்டங்களில் பேசியவர். ஆனால் இந்த ஐந்தாண்டுக் கணக்கை அவர் டாக்டர்களுக்குத்தான் போட்டார்.

அவர் சொந்த விருப்பமாகச் செய்யச் சொன்னது பின்னாளில் சட்டத்திலேயே இடம் பெற்றது. நம் நாட்டில் 2002-ம் ஆண்டு, அப்போதிருந்த இந்திய மருத்துவக் கவுன்சில் வகுத்த விதிகளில், ஒரு டாக்டர் ஐந்து ஆண்டுக்குள் 30 மணி நேரமாவது தொடர்கல்விக் கூட்டங்களில் கலந்துகொள்ள வேண்டும் என்று எழுதினார்கள். இங்கிலாந்தில் 2012-ம் ஆண்டு முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை டாக்டரின் தகுதியை மறுபடி பார்க்கும் முறை வந்தது. 2016-ம் ஆண்டு முதல் அங்கே நர்சுகளும் மூன்று ஆண்டில் 35 மணி நேரம் படித்ததற்குக் கணக்குக் காட்டவேண்டும் என்று ஆனது. ஐந்து ஆண்டில் 30 மணி என்றால் மாதத்துக்கு அரை மணி! ஆஸ்லர் தினமும் இரவு படுக்கையில் அரை மணி புத்தகம் படித்தவர். இந்தக் கணக்கைக் கேட்டால் சிரித்திருப்பார்.

ஆக்ஸ்போர்டும் ஒரு கல்லறையும்

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் வைத்தியத் துறையின் அரச பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. 1911-ம் ஆண்டில் சர் பட்டமும் வந்தது. அதே ஆண்டு லண்டனில், பட்டம் பெற்ற டாக்டர்கள் தொடர்ந்து படிப்பதற்காக ஒரு சங்கம் உண்டாக அவர் காரணமாக இருந்தார். லண்டனில் இத்தனை ஆஸ்பத்திரிகள் இருந்தும், வெளியூர் டாக்டர் ஒருவர் படிக்க வந்தால் எங்கே போவது என்று தெரியாமல் அலைவது அவருக்குப் பொறுக்கவில்லை.

ஆஸ்லர் தம்பதிக்கு முதல் குழந்தை பிறந்த சில நாளில் இறந்துவிட்டது. 1895-ம் ஆண்டு டிசம்பரில் பிறந்த ரெவேர்தான் ஒரே மகன். மீன் பிடிப்பதிலும் பழைய புத்தகங்களிலும் பிரியமுள்ள சாதுவான பையன். 1914-ம் ஆண்டு முதல் உலக யுத்தம் மூண்டது. ரெவேர் பீரங்கிப் படையில் அதிகாரியாகப் போனான்.

1917-ம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதி. பெல்ஜியத்தில் போர்முனையில் குண்டு வெடித்தது. மார்பிலும் வயிற்றிலும் காயம். அவனைத் தூக்கிக்கொண்டு வந்த முகாம் ஆஸ்பத்திரிக்கு, செய்தி கேட்டு மழையிலும் சேற்றிலும் ஓடி வந்தவர் யார் தெரியுமா? பால்டிமோரில் சாவி வாங்கிய ஹார்வி குஷிங்! அமெரிக்காவின் தலைசிறந்த சர்ஜன்கள் சிலர் அந்த இரவு அங்கே கூடினார்கள். ஆபரேஷன் நடந்தது. ரத்தம் ஏற்றினார்கள். அன்றைய உலகத்துக்குத் தெரிந்த வைத்தியம் அத்தனையும் அந்தக் கட்டிலுக்கு வந்தது. அது போதவில்லை. விடியும்போது ரெவேர் இறந்தான். வயது 21.

ஆஸ்லர் வெளியே சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார். இரவில் அழுததை வீட்டில் இருந்தவர்கள் கேட்டார்கள்.

கடைசி நோயாளி

யுத்தம் முடிந்தது. ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த அமெரிக்க, கனடிய ராணுவ டாக்டர்கள் லண்டனில் நிறைய இருந்தார்கள். பல ஆண்டுகளாகப் போர்க் காயத்தைத் தவிர வேறு எதையும் பார்க்காதவர்கள். இவர்களுக்கு வகுப்பு நடத்த 1919-ம் ஆண்டில் ஒரு வைத்தியக் கூட்டுறவு தொடங்கியது. ஆஸ்லர் தலைவர். அந்த ஆண்டே அதுவும் பழைய சங்கமும் ஒன்றாயின.

அந்தச் சமயத்தில் ரெயில்வே வேலைநிறுத்தம். பயணம் ஒன்றில் குளிர் காற்றில் நெடுந்தூரம் காரில் வரவேண்டியதாயிற்று. சளி பிடித்தது. நிமோனியாவில் முடிந்தது. நெஞ்சில் சீழ் கட்டியது. எந்த நோயைப் பற்றி மூன்று ஆண்டுக்கு ஒரு முறை திருத்தித் திருத்தி எழுதினாரோ, அதே நோய் அவர் மார்பில் வந்து உட்கார்ந்தது. பென்சிலினின் குணத்தை பிளெமிங் கண்டுபிடிக்க இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன.

படுக்கையில் கிடந்தபடி தம் நோயை அவரே கவனித்து வந்தார். இந்தக் கேஸை இரண்டு மாதமாகப் பார்த்து வருகிறேன், பிரேத பரிசோதனையைப் பார்க்க நான் இருக்கமாட்டேனே என்பதுதான் வருத்தம் என்று சொன்னதாகக் கூறுவார்கள். 1919-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி காலமானார்.

அவர் சேர்த்து வைத்திருந்த வைத்தியப் புத்தகங்கள் ஏறக்குறைய 8,000. அவற்றைத் தாம் படித்த மக்கில் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்திருந்தார். 1929-ம் ஆண்டில் மாண்ட்ரீலில் அந்த நூலகம் திறக்கப்பட்டது. ஆஸ்லரின் அஸ்தியும் அவர் மனைவியின் அஸ்தியும் கல்லறைத் தோட்டத்தில் இல்லை. அந்தப் புத்தக அலமாரிகளுக்கு நடுவே, சுவருக்குள் வைக்கப்பட்டிருக்கின்றன.